அத்தைக்கு ஒரு வாசல்

எங்கள் மாமனார் விவரமான மனிதர். நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்லுவார். மாட்டைத் தெருமுனையில் பார்த்தே எத்தனை ஈத்து என்று சொல்லுவார். அப்படிப்பட்டவர், தம் மூன்று பெண்களுக்கும் மாப்பிள்ளை பார்க்கப் போன மூன்று நாளும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மூன்று மறதியின் பலன்தான் நாங்கள் மூவரும்.

மூத்த மாப்பிள்ளை தெய்வநாயகம், அதாவது நான். நிலம் அளக்கிற வேலையில் முப்பத்தேழு வருஷம் சங்கிலி பிடித்தவன். இந்த முனையை மட்டும்தான் பிடித்தேன். அந்த முனையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நடு மாப்பிள்ளை பிறவிப்பெருமாள். பத்திரம் எழுதுகிறவர். எதையும் வரி விடாமல் வாசிப்பார், வாசித்தபடியே செய்வார். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போட்டிருந்தால், மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சூழ்ந்துவிட்டு வராமல் பந்தியில் உட்கார மாட்டார்.

கடைசி மாப்பிள்ளை குற்றாலிங்கம். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி. போட்டோ எடுக்கும்போது பக்கவாட்டில் திரும்பி நின்றார் என்றால் குடும்பத்தில் ஒருவர் குறைந்துவிடுவார்.

தென்காசியில் மாமனார் கட்டிய ஒரே வீட்டில்தான் மூன்று குடும்பமும் இருக்கிறோம். ஒருவர் சொன்னால் மற்ற இருவருக்கும் அது சரியென்றே படும். அதுதான் எங்கள் ஒற்றுமை. எங்கள் கஷ்டமும் அதுவேதான்.

மாமனாருக்குப் பிறகு பத்து வருஷம் கழித்து அத்தையும் காலமானார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தன்று, இலை போட்டு வைத்திருந்த நேரத்தில், சாம்பல் நிறப் பூனை ஒன்று நேராக வாசல்வழியே உள்ளே வந்தது. யாரையும் சட்டை செய்யவில்லை. அடுக்களைக்குள் போய்ச் சாம்பாரை மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்தது. திரும்பி வந்து ஈசிசேரில் சாய்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பூனை ஈசிசேரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அம்மா!" என்று கதறினாள் என் மனைவி ஆவுடை.

சாட்சி போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அது எங்களுக்கு அத்தை. அத்தை வந்தால் மருமகன்கள் எழுந்து நிற்போம். அத்தை தூங்கினால் செருமக்கூட மாட்டோம்.

ஒரே ஒரு சங்கடம். அத்தைக்கு வெளியே போகவேண்டும், போனதும் உள்ளே வரவேண்டும், வந்ததும் வெளியே போகவேண்டும். வாசல் கதவருகே உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். யாராவது ஓடிப்போய்த் திறக்கவேண்டும். பகலில் முப்பது தடவைக்குக் குறையாது. அக்கா தங்கைகள் மூவரும் முறைவைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள்.

இப்படியிருக்கையில் மூவருக்கும் காசிக்குப் போகிற பாக்கியம் வாய்த்தது. பன்னிரண்டு நாள் பயணம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு ஆவுடை என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. அம்மா கதவுகிட்ட நின்னு தொண்டை வத்தக் கத்தக்கூடாது. பெரிய கதவுல பூனைக்குன்னு ஒரு குட்டிக் கதவு வைக்காங்களாம். பெங்களூர்ல நம்ம மக வீட்டுல வச்சிருக்கா. வாங்கி மாட்டுங்க. நாங்க திரும்பி வரும்போது அம்மா யாரையும் எதிர்பாக்காம தானா போகணும், தானா வரணும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?" என்றார் குற்றாலிங்கம். கேட்டிருக்க வேண்டாம்.

"இல்லேன்னா அம்மாவத் தூக்கிக்கிட்டு நாங்க மூணு பேரும் பெங்களூருக்குப் போயிருவோம். பெறகு நீங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கிடங்க."

ஆட்டோ போனதும் நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். அவள் ஒன்றும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மறுநாளே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். அங்கே நாய், பூனை, கிளிக்கெல்லாம் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நல்ல மனிதர்.

"வாங்க சார், என்ன பாக்கணும்?"

"எங்க அத்தை போக வரக் கதவுல வைக்கிற குட்டிக் கதவு ஒண்ணு வேணும்" என்றேன்.

குட்டிக் கதவு என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தை என்பது பேர் என்று நினைத்துக்கொண்டார். "வெயிட் எவ்வளவு இருக்கும் சார்?"

பிறவிப்பெருமாள் எதையும் தெளிவாக வைத்துக்கொள்பவர். "எப்ப உள்ளதக் கேக்கிய? முன்னயா, இப்பயா?"

"முன்ன எவ்வளவு?"

"எழுபத்தெட்டு கிலோ."

"இப்ப?"

"நாலு."

கடைக்காரர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயையோ! என்ன சார் ஆச்சு?"

"மாரடைப்பு" என்றேன்.

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். அப்புறம் அவரே மெதுவாக, "இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

"இப்ப நல்லா இருக்காக" என்றார் குற்றாலிங்கம். "காலையில கூட ஒரு எலி பிடிச்சாக."

அதற்குமேல் அவர் எங்களிடம் கேள்வி கேட்கவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

முதலாவது, காந்தம் வைத்தது. பூனையின் கழுத்தில் பட்டை கட்டவேண்டும், அதைக் கண்டால்தான் கதவு திறக்கும். "அது ஆகாது" என்றேன். "எங்க மாமா போன நாள்ல இருந்து அத்தை கழுத்துல ஒண்ணும் போடுறதில்ல."

இரண்டாவது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவது. பிறவிப்பெருமாள் தலையை ஆட்டினார். "வேண்டாம். நாம ஈசிசேர்ல உக்காந்திருக்கோமா, எந்திரிச்சுட்டோமான்னு அத்தை வெளிய நின்னே பாத்துருவாக."

மூன்றாவது, பழுப்பு நிறத்தில் ஒன்று. அதில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருகினால் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. இன்னொரு பக்கம் திருகினால் வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. குற்றாலிங்கம் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெளிய மட்டும் போகலாம், திரும்பி வர முடியாது... அப்படித்தான?"

"ஆமா."

"இதெல்லாம் அத்தை இருந்த காலத்துல வரலியே" என்று பெருமூச்சு விட்டார்.

பழுப்பு நிறம் அத்தையின் பழைய கண்டாங்கிச் சேலை நிறமாகவும் இருந்ததால் அதையே வாங்கினோம். கூடவே தமிழில் ஒரு விளக்கத்தாள் இருந்தது. பிறவிப்பெருமாள் அதைப் பஸ்ஸில் பாவூர்ச்சத்திரம் வரை மூன்று தடவை வாசித்து, "திருத்தம் அடித்தல் இல்லை" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து காரியத்தில் இறங்கினோம். பிறவிப்பெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தார்.

"'உங்கள் பூனை வழக்கமாக நிற்கும் இடத்தில், தரையிலிருந்து அதன் வயிறு வரை உள்ள உயரத்தை அளக்கவும். துளை அந்த உயரத்தில் அமையவேண்டும்.'"

"அத்தை வழக்கமா எங்க நிப்பாக?" என்றேன்.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். அத்தை வழக்கம்போல ஃப்ரிட்ஜ் மேல் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு என் துறை. ஸ்டூல் போட்டு ஏறி, டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து வயிறுவரை அளந்தேன். ஐந்தடி எட்டங்குலம். சந்தேகமறத் திரும்பத் திரும்ப அளந்தேன். மூன்று தடவையும் ஐந்தடி எட்டங்குலம். என் உத்தியோக காலம் முழுவதிலும் மூன்று தடவையும் ஒரே அளவு எனக்கு வந்ததேயில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

"அவ்வளவு உசரத்துலயா அண்ணாச்சி?" என்றார் குற்றாலிங்கம்.

"எழுதியிருக்குவே" என்றார் பிறவிப்பெருமாள். அதோடு பேச்சு முடிந்தது.

கதவு மாமனார் ஆசையாகச் செய்த தேக்குக் கதவு. உச்சியில் கஜலட்சுமி செதுக்கியிருக்கும். ரம்பத்தை வைத்து மூன்று பேரும் முறைபோட்டு அறுத்து, மத்தியானத்துக்குள் ஐந்தடி எட்டங்குலத்தில் பூனைக்கதவை மாட்டிவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தைக்காகக் காத்திருந்தோம்.

சாயங்காலம் பூனைக்கதவின் மடல் அசைந்தது. எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மடல் மெல்ல உயர்ந்தது. உள்ளே வந்தது எதிர்வீட்டுச் செண்பகவல்லி டீச்சரின் முகம்.

"என்ன அண்ணாச்சி, உள்ள டிக்கெட் குடுக்கியளா?"

நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். டீச்சர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். "பூனைக்கு ஏணி எப்ப வாங்கப் போறிய?" என்று கேட்டுவிட்டு முகத்தை வெளியே எடுத்துக்கொண்டார்.

ஓட்டை உயரம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் பட்டது. சபை கூடியது.

"ஓட்டையக் கீழ கொண்டுவரணும்" என்றேன்.

"ஓட்டைய எப்படி அண்ணாச்சி நகத்துறது? அது இருக்கிற எடத்துலதான இருக்கும்?" என்றார் குற்றாலிங்கம்.

பிறவிப்பெருமாள் கண்ணை மூடி யோசித்தார். "கதவத் தலைகீழா மாட்டுனா?"

எங்கள் மூவர் ஆயுளிலும் உருப்படியான யோசனை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கீலைக் கழற்றி, கதவைத் திருப்பி, மறுபடி மாட்டினோம். ஓட்டை அச்சாகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. குற்றாலிங்கம் சந்தோஷத்தில் கைதட்டினார். அப்போதுதான் நான் கீழே பார்த்தேன்.

"வே, லட்சுமி தலைகீழா நிக்கா."

கஜலட்சுமி தரையில் தலை ஊன்றி நின்றாள். இரண்டு பக்கமும் யானைகள் கால் மேலே போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தன. குடத்துத் தண்ணீர் மேல்நோக்கிக் கொட்டியது. ஒரு வீட்டில் லட்சுமி தலைகீழாக நின்றால் அங்கே எத்தனை நாள் நிற்பாள்? பதறிப்போய்க் கீலைக் கழற்றிக் கதவை மறுபடி நேராக மாட்டினோம். ஓட்டையும் திரும்ப மேலே போய்விட்டது. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் கீழே புதிதாக ஒரு ஓட்டை போட்டு, பூனைக்கதவை அங்கே இறக்கி மாட்டினோம். அதற்குள் நான்கு நாள் போயிருந்தது.

அத்தை வந்து பூனைக்கதவை மோந்து பார்த்தார்கள். சாம்பாரைப் பார்த்த அதே முகம். பிறகு பெரிய கதவருகே நகர்ந்து உட்கார்ந்து குரல் கொடுத்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

பிறவிப்பெருமாள் தாளை எடுத்தார். "'பூனைக்குப் பழக்கமாகும் வரை, இதன் வழியே எப்படிப் போவது என்று நீங்கள் காட்டிக்கொடுங்கள்.' நீங்கள்னுதான் போட்டிருக்கு."

இரண்டு பேரும் குற்றாலிங்கத்தைப் பார்த்தோம்.

"நானா?"

"உம்ம உடம்புவாகு யாருக்கு வரும்?" என்றேன். மனுஷன் புகழ்ச்சிக்கு மயங்குகிறவர்.

அத்தையை எடுத்து ஈசிசேரில் வைத்தோம். குற்றாலிங்கம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். "அத்தை, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை நுழைத்தார். தலை போனது. காதும் கொஞ்சம் கசங்கிப் போனது. அவ்வளவுதான். அதற்குமேல் அவரும் போகவில்லை, போன தலையும் திரும்பி வரவில்லை.

உடம்பு உள்ளே, தலை தெருவில். நானும் பிறவிப்பெருமாளும் காலைப் பிடித்து இழுத்தோம். "காது! காது!" என்று வெளியிலிருந்து சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டோம்.

தெருவில் டீச்சர் குரல் கேட்டது. "என்ன தம்பி, அன்னைக்கு மேல இருந்துச்சு. இன்னைக்குக் கீழ எறக்கிட்டாகளா?"

"ஆமாக்கா."

"எம்புட்டு நேரமாக் கிடக்கிய?"

"மதுரை வண்டி போனப்ப படுத்தேன். இப்பச் செங்கோட்டை வண்டியும் போயிட்டு. எட்டு நிமிஷம் லேட்டு." அந்த நிலையிலும் அவர் உத்தியோகத்தை விடவில்லை.

சுற்றிலும் அறுத்து எடுப்பதென்று முடிவாயிற்று. பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாப் பக்கமும் ஒரு சாண் விட்டுக் கோடு போட்டேன். "தோளுக்கும் சேத்துப் போடும். அதுவும் அவருதுதான" என்றார் பிறவிப்பெருமாள். நியாயமாகப் பட்டது. சேர்த்துப் போட்டேன். அறுத்து முடித்ததும் குற்றாலிங்கம் எழுந்து உட்கார்ந்தார். பூனைக்கதவு அவர் கழுத்திலேயே மாட்டியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை மடலைத் தூக்கித் தூக்கித்தான் சாப்பிட்டார். மறுநாள் நல்லெண்ணெய் தடவிக் கழற்றினோம். கழற்றும்போது அது இரண்டாக உடைந்தது.

"போனாப் போகுது. ஓட்டைதான முக்கியம். மடலு அலங்காரத்துக்குத்தான்" என்று நான் தைரியம் சொன்னேன்.

கதவில் இப்போது ஒரு ஆள் தோளோடு நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. ஆனாலும் அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரிய கதவருகே உட்கார்ந்து, பக்கத்தில் அவ்வளவு பெரிய வழி இருக்க, குரல் கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். நாங்கள் திறந்துவிட்டுக்கொண்டேயிருந்தோம்.

எட்டாம் நாள் பிறவிப்பெருமாள் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"அண்ணாச்சி, தப்பு நம்ம மேலதான். புது வாசல் வச்சிருக்கோம். கிரகப்பிரவேசம் பண்ணாத வாசல்ல அத்தை எப்படி நுழைவாக? எவ்வளவு ஆசாரம் பாக்கிறவுக!"

இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி மறந்தோம்! உடனே பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தோம். மறுநாள் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள்.

"வலது காலை எடுத்து வச்சு வரணும்" என்றேன்.

"அத்தைக்கு ரெண்டு வலது காலு இருக்கே. முன் வலதா, பின் வலதா?" என்றார் குற்றாலிங்கம்.

இதைப் பற்றி இருட்டுகிற வரை பேசினோம். முன் வலது முன்னால் வந்து, பின் வலது அதைத் தொடர்ந்து வந்தால் தோஷமில்லை என்று பிறவிப்பெருமாள் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால், எந்தப் புது வாசலிலும் முதலில் பசு நுழையவேண்டும். அதுதானே முறை?

பால்காரர் மந்திரமூர்த்தி காலையில் வந்தார். ஓட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இதுல பசு நுழையாது சாமி."

"நுழையாட்டா கிரகப்பிரவேசம் ஆகாதே" என்றேன்.

"கன்னுக்குட்டின்னா நுழையும். அதுக்கும் கொஞ்சம் அகலம் வேணும்."

கொஞ்சம் அகலம் பண்ணினோம். மாவிலை கட்டினோம். சந்தனம் குங்குமம் வைத்தோம். மந்திரமூர்த்தி வெளியிலிருந்து கன்றுக்குட்டியைத் தள்ள, நான் உள்ளிருந்து வாழைப்பழத்தைக் காட்ட, குட்டி சமர்த்தாகத் தலையையும் முன்கால்களையும் உள்ளே வைத்தது. மங்களகரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிறவிப்பெருமாள் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு எதிரே போனார்.

குட்டி நெருப்பைப் பார்த்தது. ஒரே துள்ளு. பின்னால் வந்த வழியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மேல் நோக்கித் துள்ளிவிட்டது. கீழ் ஓட்டைக்கும் பழைய மேல் ஓட்டைக்கும் நடுவில் இருந்த பலகையெல்லாம் படபடவென்று பிய்ந்தது. மீதியை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவோடு ஓடியது. மந்திரமூர்த்தி பின்னாலேயே ஓடினார்.

புகை அடங்கியபின் கதவைப் பார்த்தோம். சுற்றிலும் நாலு சட்டம் இருந்தது. உச்சியில் கஜலட்சுமி நேராகத்தான் இருந்தாள். நாதாங்கி இருந்தது. நடுவில் எதிர்வீடு இருந்தது.

"அண்ணாச்சி, கதவு போச்சே" என்றார் குற்றாலிங்கம், அழாத குறையாக.

பிறவிப்பெருமாள் கையை உயர்த்தினார். "எங்க போச்சு? கீல் இருக்கு, சட்டம் இருக்கு, நாதாங்கி இருக்கு, பூட்டு மாட்ட வளையம் இருக்கு. பத்திரத்துல எழுதுனா இதுக்குப் பேரு கதவுதான். நடுவுல இருக்கிறது அத்தை வழி. அவ்வளவுதான் வித்தியாசம்."

அது சரியாகத்தான் இருந்தது. மாமியார் போகிற வழியில் மருமகன்கள் காலை வைக்கலாமா? அன்றிலிருந்து நாங்கள் நாதாங்கியைத் திறந்து, சட்டத்தைத் தள்ளி, போய்வந்து, மறுபடி நாதாங்கியைப் போட்டோம். அத்தை வழியை மரியாதையாகத் தொடாமல் விட்டோம்.

அத்தையும் தொடாமல்தான் விட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, நடுவழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, குரல் கொடுத்தார்கள். நான் எழுந்துபோய்ச் சட்டத்தைத் திறந்தேன். போனார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து வெளியே உட்கார்ந்து, நடுவழியே என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். திறந்தேன். வந்தார்கள்.

"அத்தை, வழிதான் இவ்வளவு பெருசா இருக்குல்லா" என்று கெஞ்சிப் பார்த்தேன். அத்தை கொட்டாவி விட்டார்கள்.

பதினொன்றாம் நாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் "எந்திரிச்சாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். அது கேட்டால்தான் நான் எழுந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியும். இந்தப் பதினொரு நாளும் யாரும் கேட்காததால் விழித்தபிறகும் படுத்தே கிடந்தேன். பெங்களூரிலிருந்து கேட்டால் தென்காசிக்கு எட்டுமா? வருவது வரட்டும் என்று காபி போடப் பழகினேன். குற்றாலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி வண்டிக்கு மூவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். காலம் கெட்டுக் கிடக்கிறதே என்று கதவை நன்றாக இழுத்துச் சாத்தி, நாதாங்கி போட்டு, பெரிய பூட்டாகப் போட்டு அமுக்கினேன். இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை.

ஸ்டேஷனில் மூவரும் காசிச் செம்போடு இறங்கினார்கள். ஆவுடை முதலில் கேட்டது, "அம்மா தானா போறாளா, வாராளா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்றேன். அவள் முகம் மாறியது. தங்கைகளைப் பார்த்து, "பெட்டியப் பிரிக்க வேண்டாம்டி" என்றாள்.

வீட்டு வாசலில் ஆறு பேரும் நின்றோம். ஆவுடை கதவைப் பார்த்தாள்.

"என்னங்க, வீடு வெளிச்சமா இருக்கு?"

"காத்தோட்டத்துக்கு" என்றேன்.

"மொதல்ல தொறங்க."

சட்டைப்பையைத் தடவினேன். வேட்டி மடியைத் தடவினேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். சாவி உள்ளே கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அமுக்குப் பூட்டு. சாவி இல்லாமலே பூட்டிவிட்டேன். எட்டடி தூரத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பளபளவென்று தொங்குகிறது.

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்றார் குற்றாலிங்கம். "ஆனா வீடு பூட்டியிருக்கே."

"அந்த நடுவழி என்ன?" என்றாள் கொழுந்தியாள் சிவகாமி.

"அது அத்தை வழிம்மா" என்றார் அவள் புருஷன் பிறவிப்பெருமாள்.

"அப்ப அதுல நாம போகக்கூடாது" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஒரே அப்பன் பார்த்துச் செய்த கல்யாணமல்லவா, பொருத்தம் இருக்கத்தானே செய்யும்?

"சாவி கிடக்கட்டும்" என்றாள் ஆவுடை. "அம்மா எங்க? யம்மா! யம்மா, நான் வந்துட்டேன்!"

உள்ளே ஃப்ரிட்ஜ் மேலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். அத்தை கூடத்தைத் தாண்டி வந்தார்கள். சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். வழக்கம்போல உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்தார்கள்.

என் நாற்பத்திரண்டு வருஷமும் அந்த வாயில் இருந்தது.

"யம்மா!" என்றாள் ஆவுடை மறுபடி, கையை நீட்டி.

அத்தை வாயை மூடிக்கொண்டார்கள். எழுந்தார்கள். கீழ்ச்சட்டத்தைத் தாண்டிக் காலை வெளியே வைத்தார்கள்.

"முன் வலது, அண்ணாச்சி! முன் வலது!" என்று குற்றாலிங்கம் கத்தினார்.

ஆவுடையின் காலைச் சுற்றி ஒரு தடவை உரசிவிட்டு, செம்பை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, வந்த வழியே அத்தை உள்ளே போய்விட்டார்கள். யாரும் திறக்கவில்லை. யாரும் மூடவில்லை.

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்லங்க. நீங்களும் ஒரு காரியத்த உருப்படியாப் பண்ணிட்டிய" என்றாள். "ஏட்டி, பெங்களூரு வேண்டாம். பெட்டியப் பிரிக்கலாம்."

ஆனால் பெட்டியைப் பிரிக்க உள்ளே போகவேண்டுமே. பூட்டு ரிப்பேர் பண்ணுகிற பரமசிவத்தைக் கூட்டிவந்தோம். அவர் பூட்டை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல கம்பெனிப் பூட்டு. உடைக்க மனசு வரல. புதுச் சாவி அடிச்சிரலாம். மாதிரிக்குப் பழைய சாவி இருக்கா?"

"அந்தா தொங்குது பாரும்" என்று நடுவழியே காட்டினேன்.

பரமசிவம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆங், தெரியுது" என்று படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே தொங்கும் சாவியைப் பார்ப்பார், கையிலிருப்பதை அரத்தால் ராவுவார், மறுபடி எட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க" என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். டீச்சர் எங்கள் ஆறு பேருக்கும் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் ஐந்தரைக்குப் புதுச் சாவி பூட்டில் பொருந்தியது. என்ன கைத்திறமை!

கதவைத் திறந்து எல்லோரும் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனோம். ஆவுடை முகம் கழுவி, விளக்கேற்றி, எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கிய? பொழுது சாஞ்சிட்டு, கதவச் சாத்துங்க. கொசு வருது."

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்தியளா, சாத்துனதும் ஒரு கொசுவையும் காணல" என்றவள், என் கன்னத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பட்டென்று அடித்தாள். "இது முன்னாலயே உள்ள வந்தது."